சொல்நிரையும் கணுமரமும்

சொற்களைக் கற்றோர் பலர்; அச்சொற்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் முறையைக் கற்றோர் சிலர். தேர்வு நெருங்குங்கால் நூற்பாக்களை நெட்டுருச் செய்தலும், தேர்வு முடிந்த மறுநாளே அவற்றைக் கைவிடுதலும் மாணவர் உலகத்தின் இயல்பாய் முடிந்துவிட்டன. இக்குறை தமிழ் பயில்வார்க்கே உரியது என்று இதுகாறும் எண்ணியிருந்தோம். கணிப்பொறி இயல் பயில்வாரிடத்தும் இதே குறை உண்டு என்பதையும், இரண்டற்கும் மருந்து ஒன்றே என்பதையும் சென்ற ஆண்டில் உணரப்பெற்றோம். அதனைக் கல்லூரி அன்பர்கள்முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் விடுதி அறையில் உடனுறையும் நண்பர் கணிப்பொறி இயல் மாணவர். ஓர் இரவு அவர் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் உறவுசார் தரவுத்தளத்தின் மூலநிரலைத் திரையில் விரித்துவைத்து நெடுநேரம் வாட்டமுற்றிருந்தார். யாது நேர்ந்தது என்று வினவினோம். “கட்டளை எழுத அறிவேன், விடை பெறவும் அறிவேன். எழுதிய கட்டளையை இத்தளம் எவ்வாறு விளங்கிக்கொள்கின்றது என்று ஆசிரியர் வினவினார், அஃதொன்றே விளங்கவில்லை” என்றார். திரையில் மரம் ஒன்று தலைகீழாக வரையப்பட்டிருந்தது. வேர் மேலே, கிளைகள் கீழே. அதனைக் கண்ட அளவிலே எம்மையறியாமல், “இது வாக்கியப் பிரிப்பு அன்றோ?” என்று கூறிவிட்டோம். அன்று தொடங்கிய உரையாடல் இன்னும் முடிந்தபாடில்லை.

இதனோடு இயைந்த மற்றொன்றும் உண்டு. ஊருக்குச் செல்லுந்தோறும் எம் பெரியப்பா, “தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?” என்று வினவுவார். அவர்மீது எமக்கு வருத்தமில்லை. எம் நலம் கருதியே வினவுகின்றார். விடையறியாது தலைகுனிந்து நின்ற எமக்கு அம்மரம் விடையொன்றை நல்கிற்று. அவ்விடை, தமிழ் பயின்றார்க்குக் கணிப்பொறி நிறுவனங்களிலும் வேலை கிடைக்கும் என்பது அன்று. அது யாதெனப் பின்னர்க் கூறுவோம்.

நிற்க. போஸ்ட்கிரெஸ் என்பது அமெரிக்க நாட்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியின் பயன். அதன் ஒரு பகுதி முதலில் லிஸ்ப் மொழியிலும் மறுபகுதி சி மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. பின்னர் முழுவதும் சி மொழிக்கு மாற்றப்பட்டது. 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் மாணவர் இருவர் எஸ்கியூஎல் என்னும் வினவல்மொழியை அதனுட் புகுத்தினர். 1996இல் இன்றைய பெயர் வழங்கலாயிற்று. அதன் மூலநிரல் எவரும் இலவசமாகப் பெற்றுப் படித்தற்குரியது. நிரலின் இடையிடையே, இதனை இவ்வாறு செய்தது எற்றுக்கு என்று ஆக்கியோர் எழுதிவைத்த விளக்கவுரைகளும் உள. உரையோடு கூடிய நூலைப் படித்துப் பழகிய எமக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை.

இனிக் கணுவாவது யாது என்பதைக் காண்போம். சி மொழியில், தொடர்புடைய புலங்கள் சிலவற்றை ஒருங்கே கட்டிவைத்தலைக் கட்டமைப்பு என்ப. போஸ்ட்கிரெஸ்கியூஎல் உள்ளத்தில் கொள்ளும் ஒவ்வொரு கருத்தும் அத்தகைய கட்டமைப்பு ஒன்றே. அவை அனைத்திற்கும் பொதுவிதி ஒன்று உண்டு. முதற்புலம் ‘நோட்டேக்’ என்னும் அடையாளக் குறியாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. எக்கணு கையில் வந்தாலும் அதன் தலையை மட்டும் நோக்கி, ‘இது மாறிலி’, ‘இது நெடுவரிசைப் பெயர்’, ‘இது செயற்கூறு’ என்று இனங்கண்டுகொள்ளலாம். ஒரு கணுவின் புலத்திலிருந்து மற்றொரு கணுவுக்குச் சுட்டு செல்லும். அதிலிருந்து வேறொன்றற்குச் செல்லும். இவ்வாறு கிளைத்து நிற்பதே கணுமரம்.

எடுத்துக்காட்டு ஒன்று தருவோம். நூலகத்து நூல்களை ‘நூல்கள்’ என்னும் அட்டவணையில் பதிந்திருப்பதாகக் கொள்க. 1950க்கு முன் அச்சான நூல்களின் தலைப்புகளை வேண்டுவோர், “செலக்ட் தலைப்பு ஃப்ரம் நூல்கள் வேர் ஆண்டு < 1950” என்னும் பொருள்பட எழுதுவர். இது எழுத்துக்களின் நிரை மட்டுமே. பாகுபடுத்தி இதனை வாங்கி, ‘செலக்ட்ஸ்டேட்மென்ட்’ என்னும் கணுவை வேராக நிறுத்தும். அவ்வேரிலிருந்து மூன்று கிளைகள் பிரியும்: வேண்டப்படுவது ஒன்று, எங்கிருந்து என்பது ஒன்று, எந்நிபந்தனையோடு என்பது ஒன்று. மூன்றாங்கிளையின் நுனியில் ‘சிறியது’ என்னும் குறி நிற்க, அதன் இடப்பக்கம் ‘ஆண்டு’ என்னும் பெயரும் வலப்பக்கம் 1950 என்னும் எண்ணும் தொங்கும். நிரையாய் வந்தது மரமாய் நின்றது.

நிரை மரமாதலால் வரும் பயன் யாது என வினவுவார்க்குத் தமிழிலிருந்தே ஒன்று காட்டுவோம். ‘பழைய நூல் அங்காடி’ என்று ஒரு கடையின் முகப்பில் எழுதியிருப்பதாகக் கொள்க. பழமை நூலினதோ, அங்காடியினதோ? சொற்கள் மூன்றே, நிரையும் ஒன்றே, மரங்களோ இரண்டு. ‘பழைய’ என்பதை ‘நூல்’ என்பதனோடு முதலிற் கூட்டின் ஒரு பொருள். ‘நூல் அங்காடி’ என்பதை முதலிற் கூட்டிப் பின் ‘பழைய’ என்பதைச் சேர்ப்பின் மற்றொரு பொருள். பொருள் வேறுபாடு சொற்களில் இல்லை, கூட்டத்தில் உளது. இரண்டோடு மூன்றையும் நான்கின் பெருக்கத்தையும் கூட்டுக என்னும் கணக்கிலும் இதுவே நிலை. 2 + 3 × 4 என்பதில் எதனை முதலிற் கட்டுவது என்பதற்கேற்ப விடை 14 ஆகவோ 20 ஆகவோ அமையும். மரமாக்கிய பின்னர் அடைப்புக்குறியும் வேண்டா; கிளையே அடைப்பாகி நிற்கும்.

இவ்விடத்து எம்மைப் பெரிதும் கவர்ந்த செய்தி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் விளங்கிக்கொள்ளுதலை இருபடியாகச் செய்கின்றது என்பதே. முதற்படியில் இலக்கண விதிகளை மட்டும் கொண்டு மரத்தைக் கட்டுகின்றது; ‘நூல்கள்’ என்றோர் அட்டவணை உண்டோ இல்லையோ என்பதையும் அது பாராது. இரண்டாம் படியிலேதான் தன் பட்டியல்களைத் திறந்து, பெயர்களுக்குரிய பொருளைத் தேடி, ‘கொயரி’ என்னும் வேறொரு மரத்தை அமைக்கின்றது. பட்டியலைத் திறத்தற்கு நடவடிக்கை ஒன்று முறையாகத் தொடங்கியிருத்தல் வேண்டும். இடையிற் பிழைபட்டு முறிந்த நடவடிக்கையில் பட்டியலைத் திறத்தல் இயலாது. அந்நிலையிலும் ‘பின்வாங்குக’ என்னும் கட்டளையை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் வேண்டுமன்றோ? ஆகலின் வடிவத்தை அறியும் அறிவும் பொருளை அறியும் அறிவும் வேறு வேறாக வைக்கப்பட்டன.

ஒரே வடிவம் இருபொருட்கு உரியதாதலும் இங்கே வெளிப்படும். லெங்த் (தலைப்பு), மேக்ஸ் (ஆண்டு) என்னும் இரண்டும் ஒரே தோற்றமுடையன. முதற்படி மரத்தில் இரண்டும் ‘ஃபங்க்கால்’ என்னும் ஒரே கணுவாம். பட்டியலை நோக்கிய பின்னரே, முன்னது ஒவ்வொரு நூலின் தலைப்பையும் தனித்தனி அளப்பது, பின்னது நூல்கள் அனைத்தையும் ஒருங்கே நோக்கிப் பெரியதைக் கூறுவது என்பது தெளிவாகும். அப்போது ஒன்று ‘ஃபங்க்எக்ஸ்பிரஷன்’ ஆகவும் மற்றொன்று ‘அக்ரெஃப்’ ஆகவும் பிரியும். ‘ஆண்டு’ என்னும் பெயரும் மறைந்து, இன்ன அட்டவணையில் இத்தனையாவது நெடுவரிசை என்னும் எண்ணாகும். ‘சிறியது’ என்னும் குறியும், இருபுறமும் சாதாரண முழு எண்களாயின், 97 என்னும் எண்ணுடைய செயலி என்று துணியப்படும்.

இன்னும் ஒன்று. எழுதும்போது ‘செலக்ட்’ முன்னும் ‘ஃப்ரம்’ பின்னுமாக எழுதுகின்றோம். பொருள் காணும் நிரலோ ‘ஃப்ரம்’ என்பதையே முதலிற் கொள்ளும். எந்த அட்டவணை என்று தெளியாமல் ‘தலைப்பு’ என்பது எதன் தலைப்பு என்று கூற முடியாதன்றோ? எண்வகைப் பொருள்கோளுள் கொண்டுகூட்டு என்பதை வகுப்பிற் பயின்றபோது, செய்யுளில் இடர்ப்பட்டார்க்கு உரிய செயற்கை வழி அஃது என எண்ணி நகைத்தோம். பெர்க்லியிற் பிறந்த நிரலொன்றும் நாள்தோறும் கொண்டுகூட்டியே பொருள் காண்கின்றது என்றறிந்தபின் அந்நகை ஒழிந்தது.

பொருள் தெளிந்த மரம் திட்ட மரமாக மாறுவதையும், அதன் வேர்க்கணு கீழ்க்கணுவை நோக்கி ‘ஒரு நிரை தருக’ என்று கேட்க, அது தன் கீழதைக் கேட்க, இவ்வாறு கேட்டலும் கொடுத்தலுமாக விடை மேலேறி வருவதையும் விரிப்பின் கட்டுரை பெருகும். ஒன்று மட்டும் குறிப்போம். நிறைவேற்றும்போது திட்ட மரத்தில் ஒன்றும் எழுதப்படுவதில்லை. அதற்கு இணையாக நிலைமரம் ஒன்று எழுப்பப்பட்டு, நிகழும் மாற்றங்களெல்லாம் அதன்கண்ணே வைக்கப்படும். மூலம் மாசுறாது நிற்றலின் அதனை மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம்.

இக்கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு இப்போது வருகின்றோம். ‘வியூ’ எனப்படும் காட்சி ஒன்றை அமைக்கும்போது, அதற்குரிய வினவலை எழுதியவாறே போஸ்ட்கிரெஸ்கியூஎல் வைத்துக்கொள்வதில்லை. பொருள் தெளிந்த மரத்தையே எழுத்துவடிவாக்கி, 2011 முதல் ‘பிஜி நோட் ட்ரீ’ என்னும் தனி வகையாகப் பட்டியலில் வைக்கின்றது. அதனால் அட்டவணையிலுள்ள நெடுவரிசையின் பெயரை நாளை மாற்றினும் காட்சிக்கு ஊறு இல்லை. அது பெயரைப் பற்றாமல் பெயர்க்குரியதையே பற்றி நிற்கின்றது. ‘அனைத்தும்’ என்னும் விண்மீன் குறியிட்டு எழுதியிருப்பின், அன்றிருந்த நெடுவரிசைகள் மட்டுமே மரத்தில் இடம்பெறும். பின்னர்ச் சேர்வன சேரா.

ஆனால் அத்தளத்தின் ஒரு பெரும்பதிப்பிலிருந்து மற்றொரு பெரும்பதிப்புக்குத் தரவுகளைப் பெயர்க்குங்கால் நிகழ்வதைக் காண்க. கணுக்களின் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். ஆகலின் பழைய தளம் தன் மரத்தை அவ்வாறே வேருடன் பெயர்த்து அனுப்புவதில்லை. மரத்தை மீண்டும் எஸ்கியூஎல் சொற்றொடராக்கி அனுப்புகின்றது. புதிய தளம் அச்சொற்றொடரை வாங்கி, தானே பாகுபடுத்தி, தானே பொருள் தேடி, தன்னிலத்துக்கு ஏற்ற மரத்தைத் தானே வளர்த்துக்கொள்கின்றது.

அன்பர்களே, கல்வியின் இயல்பும் இதுவே அன்றோ? ஆசிரியர் உள்ளத்து மரத்தை மாணவர் உள்ளத்துக்கு வேருடன் பெயர்த்து நட இயலாது. அவர் சொல்லாக்கித் தருகின்றார். நாம் மரமாக்கிக்கொள்ளல் வேண்டும். நாமோ அவர் தந்த சொல்நிரையை நிரையாகவே குறிப்பேட்டில் எழுதி, நிரையாகவே நெட்டுருச் செய்து, நிரையாகவே தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு மீள்கின்றோம். தமிழ் மாணவர் நூற்பாவை அவ்வாறு செய்கின்றனர். கணிப்பொறி மாணவர் கட்டளையை அவ்வாறு செய்கின்றனர். இருவர் உள்ளத்திலும் மரம் முளைப்பதில்லை. கட்டளையைப் பிழையின்றி எழுதிய எம் நண்பர் அதன் மரத்தை அறியாது திகைத்ததும், அலகிட அறிந்த யாம் கொண்டுகூட்டின் பயனறியாது நகைத்ததும் ஒரே நோயின் இருவேறு தோற்றங்களே.

இக்கருத்தை மறுப்பாரும் உளர். “கணிப்பொறி இலக்கணத்தையும் மாந்தர்மொழி இலக்கணத்தையும் ஒப்பிடுதல் வெறும் உவமை” என்பர். உவமைக்கு எல்லையுண்டு என்பதை யாமும் உடன்படுகின்றோம். எஸ்கியூஎல் இலக்கணம் ஐயத்துக்கு இடந்தராதவாறு மாந்தரால் வகுக்கப்பட்டது. ‘பழைய நூல் அங்காடி’யை அது ஏற்பின் ஒரு மரமாகவே ஏற்கும். வாழும் மொழியோ இருமரத்தையும் ஏற்கும். சிற்சில வேளை இரண்டையும் ஒருங்கே வேண்டியே சிலேடை பாடும். மேலும், மரமாக்கும்போது எழுதியவர் இட்ட விளக்கக் குறிப்பும், வரி பிரித்த அழகும் மறைந்தொழியும். வினவலுக்கு அதனால் இழப்பில்லை. செய்யுளுக்கோ சொல் நிற்கும் இடமே உயிர். மரம் பொருளைக் காக்கும், ஓசையைக் காவாது. இவ்வேறுபாட்டை உணர்தலும் ஒப்பீட்டின் பயனே.

“பதிப்புத்தோறும் மாறும் ஒன்றைப் பயில்வது வீண்” என்பாரும் உளர். மாற்றமும் கற்கத்தக்கதே. கணுக்களைத் தொடுக்கும் ‘லிஸ்ட்’ என்னும் பட்டியலமைப்பு, லிஸ்ப் மொழியின் வழிவந்ததாய், ஒன்றையொன்று சுட்டும் சங்கிலியாக நெடுங்காலம் இருந்தது. 2020இல் வெளிவந்த 13ஆம் பதிப்பில் அச்சங்கிலி அகற்றப்பட்டு, அடுத்தடுத்த அறைகளையுடைய வரிசையாயிற்று. ஆயினும் ‘எல்கான்ஸ்’ முதலிய பழம்பெயர்கள் இன்றும் நிற்கின்றன. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ என்னும் சொல் வடிவு மாறாமலே பொருள் மாறியதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

“பொறியே எல்லாம் செய்யுமாயின் மாணவர்க்கு இவ்வுழைப்பு எதற்கு?” என்பது மூன்றாம் தடை. இதற்கு மூலநிரலின் வரலாறே விடைகூறும். ஒரு கணுவைப் படியெடுக்கவும், இரண்டை ஒப்பிடவும், எழுத்தாக்கவும், எழுத்திலிருந்து மீட்கவும் நான்கு வகைச் செயற்கூறுகள் வேண்டும். அவற்றை நெடுங்காலம் ஆக்கியோர் கையாலேயே எழுதிவந்தனர். கணுவில் ஒரு புலத்தைப் புதிதாகச் சேர்த்து, நான்கிடங்களுள் ஓரிடத்தில் அதனை மறப்பின், ஏடு பெயர்த்தெழுதுவோர் ஓரடியை விட்டாற்போலப் பிழை ஒளிந்துகொள்ளும். அப்பிழையைக் காண்டற்கென்றே எல்லா மரங்களையும் படியெடுத்துப் பார்க்கும் சோதனை முறையும் வைத்திருந்தனர். 2023இல் வெளிவந்த 16ஆம் பதிப்பிலோ, கணுவின் வரையறையைப் படித்து இந்நான்கையும் தானே எழுதும் சிறுநிரல் ஒன்று அப்பணியை ஏற்றது. பொறி ஏற்றது படியெடுக்கும் உழைப்பையே. இன்ன கணு வேண்டும், இன்ன புலம் வேண்டும், இது படியெடுக்கத்தக்கது, இஃது ஒப்பிடும்போது விடத்தக்கது என்று துணியும் உழைப்பு இன்னும் மாந்தர்பாலே உளது. நெட்டுருவைப் பொறிக்கு விடுக. துணிதலை நாம் கொள்க என்பதே இதனாற் பெறும் படிப்பினை.

ஆகலின் யாம் வேண்டுவது பெரிதன்று. தமிழ்த்துறையாரும் கணிப்பொறித்துறையாரும் கிழமைக்கு ஒரு மணிநேரம் ஓரறையில் அமர்தல் வேண்டும். ஒரு கிழமை எஸ்கியூஎல் வினவல் ஒன்றைக் கரும்பலகையில் மரமாக்குக. மறுகிழமை பொருள்கோள் சிக்கலுடைய செய்யுள் ஒன்றை மரமாக்குக. கணுக்களைப் பற்றிய மூலநிரற் கோப்புகளையும் அவற்றின் உரைகளையும் சிறிது சிறிதாக உரக்கப் படிக்க. சி மொழி அறியாத எம்போன்றார் வினவட்டும். யாப்பறியாத எம் நண்பர் போன்றார் வினவட்டும். இதற்குப் புதுக்கட்டடம் வேண்டா, பொருட்செலவும் வேண்டா, கரும்பலகை ஒன்றும் நாணாது வினவும் உள்ளமும் போதும்.

இனிப் பெரியப்பாவுக்குரிய விடை. தமிழ் பயில்வதால் யாம் பெறவேண்டுவது, எத்துறைச் சொல்நிரையாயினும் அதனுள் மறைந்துள்ள மரத்தைக் காணும் கண். அக்கண்ணை எம் பட்டம் தானே தந்துவிடாது. நெட்டுருச் செய்து பெற்ற பட்டமாயின் ஒருபோதும் தாராது. அவர் வினா எம்மைச் சுட்டதற்குக் காரணம், யாம் தமிழ் பயின்றமை அன்று. பயில வேண்டியவாறு பயிலாமையே. வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் அவர்முன் ஒரு தாளை விரித்து, அவர் கூறும் ஒரு சொற்றொடரையே மரமாக வரைந்து காட்ட எண்ணியுள்ளோம். அவர் உடன்படுவாரோ அறியோம். தலைகுனிந்து நில்லோம் என்பது மட்டும் உறுதி.